பசித்த பிள்ளையும் பகைவர் நாடும்: இரு போர்களுக்கிடையிலான நிவாரண இயக்கங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

அறம் பற்றிய கருத்துக்கள் காலங்கடந்தவை போலத் தோற்றமளிப்பினும், அவை வரலாற்றின் குறிப்பிட்ட கட்டங்களில், குறிப்பிட்ட சமூக உறவுகளின் மத்தியிலேயே வடிவம் பெறுகின்றன. ஊரிலுள்ள வறியவனுக்கு இடும் பிச்சையும், மடத்தில் அளிக்கும் அன்னதானமும் மிகப் பழையன. ஆனால், முன்பின் கண்டிராத, மொழியறியாத, தம் அரசினாலேயே பகைநாடு என அறிவிக்கப்பட்ட தேசமொன்றின் குழந்தைகளுக்காகச் சாதாரண மக்கள் தெருவில் நின்று காசு சேர்த்து, அதனை உணவாக்கிக் கப்பலேற்றி, அக்குழந்தைகளின் கையிற் சேர்ப்பித்தல் என்பது நவீன காலத்துக்குரியது. முதலாம் உலகப் போர் முடிவுற்ற வேளையிலேயே அது நிலையான வெகுசன இயக்கமாக உருவெடுத்தது.

இவ்வியக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இரு வகையாகவே எழுதப்பட்டுள்ளது. ஒருசாரார் இதனைக் கருணையுள்ளம் படைத்த சில உத்தமர்களின் சரிதமாகக் காண்பர். மற்றொரு சாரார், குறிப்பாக முற்போக்கு வட்டாரங்களைச் சேர்ந்தோர், சுரண்டலாற் கறைபட்ட மனச்சாட்சிக்குப் பூர்ஷ்வா வர்க்கம் பூசிக்கொள்ளும் சந்தனமே இது என ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவர். முதலாவது நோக்கு பசியின் காரணத்தை மறந்துவிடுகிறது. இரண்டாவது, காசு கொடுத்தவர்களுட் பெரும்பாலோர் யார், அவர்கள் எதனை எதிர்த்து அதனைக் கொடுத்தனர் என்பதை மறந்துவிடுகிறது. நிவாரணத் தொண்டினைப் பெறுவோர் என்ற நிலையிலிருந்து, சிறப்பாக 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், நன்கு அறிந்த நமக்கு, கொடுப்போர் தரப்பில் அதன் தோற்றம் எத்தகையது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

பசித்த குழந்தையை முன்னிறுத்திய இத்தொண்டு, தொடக்கத்தில் ஓர் அரசியற் குற்றச்சாட்டாகவே பிறந்தது என்பதும், நிறுவனமாக வளர்ந்தபோது அக்குற்றச்சாட்டு மெல்லக் கழன்றது என்பதும், தொழிலாளர் இயக்கம் அதிற் கலந்த இடங்களில் அது மீண்டும் தலைதூக்கியது என்பதுமே இக்கட்டுரையிற் காட்ட முயலப்படுவனவாம்.

2

1918 நவம்பர் 11ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் முற்றுகை ஓயவில்லை. ஜேர்மனிக்கும் அதன் நேசநாடுகளுக்கும் கடல்வழியே பொருள்கள் செல்வதைத் தடுத்த பிரித்தானியக் கடற்படையின் முற்றுகை தொடரும் என்பதை அவ்வுடன்படிக்கையின் 26ஆவது உறுப்புரையே விதித்தது. 1919 மார்ச்சில் உணவு இறக்குமதிக்கு ஓரளவு வழிவிடப்பட்டபோதும், வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜேர்மனி கையெழுத்திட்ட பின்னர், 1919 ஜூலையிலேயே முற்றுகை முற்றாக நீக்கப்பட்டது. சமாதானத்தின் நிபந்தனைகளை ஏற்கச்செய்யும் நெம்புகோலாகப் பசி பயன்பட்டது என்பது வெளிப்படை. முற்றுகையால் மாண்ட குடிமக்களின் தொகையை ஜேர்மன் அரசின் சுகாதார அதிகாரிகள் 1918 டிசம்பரில் 763,000 என மதிப்பிட்டனர். பிற்கால ஆய்வாளர் பலர் இத்தொகையைக் குறைத்துக் கூறுவர். எனினும் இலட்சக் கணக்கில் என்பதில் ஐயமில்லை. வியன்னாவின் நிலை இன்னும் மோசமானது. ஹங்கேரியின் தானியத்தையும் பொஹீமியாவின் நிலக்கரியையும் நம்பியிருந்த ஒரு பேரரசின் தலைநகரம், அப்பேரரசு சிதறியதும் உணவும் எரிபொருளுமின்றித் தனித்து நின்றது. அந்நகரக் குழந்தைகளிடையே என்புருக்கி நோயும் காசமும் பெருகின.

இச்சூழ்நிலையிலேயே 1919 ஜனவரியில் லண்டனில் ‘பஞ்சத்தை எதிர்க்கும் சபை’ தோன்றியது. அதனை அமைத்தோருட் பெரும்பாலோர் போரை எதிர்த்த குவேக்கர்கள், தாராண்மைவாதிகள், தொழிற் கட்சியினர் ஆகியோர். அவர்களது முதற் கோரிக்கை நிதியன்று. முற்றுகையை நீக்குக என்பதே. சபையின் முன்னணியில் நின்ற டொறதி பக்ஸ்டன், போர்க்காலத்தில் ‘கேம்பிரிட்ஜ் மகஸீன்’ என்னும் சஞ்சிகையிற் பகைநாட்டுப் பத்திரிகைகளின் சாரத்தை மொழிபெயர்த்து வெளியிட்டவர். தணிக்கைக் காலத்தில் எதிர்த்தரப்பு மக்களும் மனிதரே என்பதை வாசகருக்கு உணர்த்திய பணி அது. அவரது தமக்கையே எக்லண்டைன் ஜெப் (1876 - 1928).

1919 ஏப்ரலில் ஜெப்பும் பார்பரா அயர்ட்டன் கூல்ட் என்பவரும் லண்டன் திரபல்கார் சதுக்கத்திற் துண்டுப்பிரசுரம் விநியோகித்தனர். உடல் சுருங்கித் தலை மட்டும் பெருத்துத் தோன்றிய ஒஸ்திரியக் குழந்தையொன்றின் படம் அதிற் காணப்பட்டது; அந்நிலைக்குக் காரணம் முற்றுகையே எனப் படத்துடன் சேர்த்து அச்சிடப்பட்டிருந்தது. தணிக்கைக்கு உட்படுத்தாது வெளியிட்ட குற்றத்துக்காக, போர்க்காலத்து இராச்சியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருவரும் வழக்குக்கு உள்ளாயினர். 1919 மே மாதம் நடைபெற்ற விசாரணையில் ஜெப்புக்கு 5 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கை நடத்திய அரச சட்டத்தரணியே அத்தொகையைத் தமது பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார் என்றும், அதுவே நிதியத்தின் முதல் நன்கொடைகளுள் ஒன்றாயிற்று என்றும் கூறுவர். இக்கதை அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதன் காரணம் அதன் உருக்கமே. ஆனால் வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியது வேறொன்று: ஒரு குழந்தையின் படம் அரசுக்கு எதிரான ஆவணமாகக் கருதப்பட்டது என்பதே அது. படத்தை மட்டும் வெளியிட்டிருப்பின் அரசு ஒருவேளை பொறுத்திருக்கும். படத்தையும் காரணத்தையும் ஒருங்கே வைத்தமையே குற்றமாயிற்று.

அதே மே மாதம் 19ஆம் திகதி லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திற் கூடிய பெருங்கூட்டத்தில் ‘குழந்தைகள் காப்பு நிதியம்’ (இன்று ‘சேவ் த சில்ட்ரன்’ என உலகறிந்த அமைப்பு) பகிரங்கமாகத் தொடங்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத் தலைவர் ரொபேட் ஸ்மைலி போன்ற தொழிற்சங்கத் தலைவர்களின் ஆதரவு ஆரம்பத்திலேயே இதற்குக் கிடைத்தது. பகைவரின் பிள்ளைக்குச் சோறிடுதல் தேசத்துரோகம் எனப் பத்திரிகைகள் முழங்கிய காலத்தில், சுரங்கத்தினுள் உழைத்தவனுக்கு அவ்வாறு தோன்றவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

3

நிதியம் விரைந்து வளர்ந்தது. 1920 ஜனவரி 6ஆம் திகதி ஜெனீவாவிற் சர்வதேசக் குழந்தைகள் காப்பு ஒன்றியம் நிறுவப்பட்டது. பாப்பரசர் 15ஆம் பெனடிக்ற் 1919 நவம்பரில் விடுத்த சுற்றுமடலில், மாசற்ற குழந்தைகளின் திருநாளான டிசம்பர் 28இல் உலகெங்குமுள்ள ஆலயங்களிற் காசு சேர்க்குமாறு பணித்தார். 1920 டிசம்பரில் விடுத்த மடலில் நிதியத்தைப் பெயர் குறிப்பிட்டே பாராட்டினார். நல்ல வர்த்தக நிறுவனமொன்றுக்குரிய திட்டமும் கணக்கும் திறனும் தர்மப்பணிக்கும் வேண்டும் என ஜெப் கருதினார். முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்கள் வெளியிடப்பட்டன. தனியொரு குழந்தையைத் ‘தத்தெடுத்து’ அதன் பராமரிப்புச் செலவை அனுப்பும் முறை 1920இல் அறிமுகமாயிற்று.

இவ்வளர்ச்சியோடு ஓர் உள்மாற்றமும் நிகழ்ந்தது. சகல தரப்பினரிடமும் நிதி பெறவேண்டுமாயின் எத்தரப்பினரையும் குற்றஞ்சாட்டுதல் ஆகாது. முற்றுகை பற்றிய வாசகம் பின்தள்ளப்பட்டது. குழந்தை மாத்திரம் முன்னின்றது. டொறதி பக்ஸ்டன் விரைவிலேயே நிதியத்தின் தலைமைப் பொறுப்பைத் தமக்கையிடம் விட்டு அரசியல் வேலைக்குத் திரும்பினார். சகோதரிகள் இருவரிடையே பகைமை எதுவும் இருந்ததில்லை. எனினும் அவர்கள் தேர்ந்த இரு வழிகளும் இவ்வியக்கத்தின் உள்முரண்பாட்டையே குறித்து நிற்கின்றன. ஒருவர் பசித்த வாய்க்கு உடனே உணவு சேரவேண்டும் என்றார். மற்றவர் பசியை உண்டாக்கும் கொள்கையை மாற்றவேண்டும் என்றார். இரண்டும் நியாயமானவையே. ஆயின் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தமையே பின்வந்த சிக்கல்களுக்கெல்லாம் ஊற்றாயிற்று.

கலைவடிவங்களிலும் இவ்வேறுபாடு புலனாகின்றது. நிதியத்தின் விளம்பரங்களிற் குழந்தை பெரும்பாலும் தனித்தே நிற்கும். தாயும் தந்தையும் ஊரும் அங்கே இரார். பார்ப்போனுக்கும் குழந்தைக்குமிடையே வேறெவருமில்லை என்ற மயக்கத்தை அத்தனிமை தோற்றுவிக்கும். இதற்கு மாறாக, ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விற்ஸ் வியன்னாவின் குழந்தைகளைக் காக்கக்கோரி 1920இல் வரைந்த சுவரொட்டியில் ஒன்றோடொன்று நெருங்கிய மனிதக் கூட்டத்தின் மீது சாவு சாட்டையை வீசுகின்றது. பசி அங்கே தனியொரு குழந்தையின் விதியன்று. ஒரு சமூகத்தின் மீது விழும் அடி. உருவத்தின் தேர்வு உள்ளடக்கத்தின் தேர்வேயாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குழந்தையைத் தனியே பிரித்தெடுத்த இந்நோக்கிற்கு ஆக்கபூர்வமான பக்கமும் உண்டு. 1923இல் ஜெப் வரைந்த ஐந்து கூற்றுக்களைக் கொண்ட குழந்தை உரிமைப் பிரகடனத்தைச் சர்வதேச சங்கம் 1924 செப்டெம்பரில் ஏற்றுக்கொண்டது. பசித்த குழந்தைக்கு உணவும், நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சையும், அநாதைக்கு அடைக்கலமும் அளித்தல் மனிதகுலத்தின் கடமை என்றும், ஆபத்துக் காலத்தில் முதலில் உதவிபெற வேண்டியது குழந்தையே என்றும், அதனைச் சகல சுரண்டலிலிருந்தும் பாதுகாக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. இனம், தேசியம், மதம் என்னும் பேதங்களுக்கு அப்பாற்பட்டதாக அக்கடமை வகுக்கப்பட்டது. பிச்சையாக இருந்தது உரிமையாகப் பேசப்படலாயிற்று. 1959 நவம்பர் 20இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பிரகடனமும், 1989இல் அதே திகதியில் நிறைவேறியதும் 1991இல் இலங்கை ஏற்றுறுதி செய்ததுமான சமவாயமும் இதன் வழித்தோன்றல்களே. தெருவிற் காசு சேர்த்த தொண்டர்கள் சர்வதேசச் சட்டத்தின் ஒரு கிளைக்கு வித்திட்டனர் எனல் மிகையாகாது.

4

நிதியத்தின் கொள்கை கடுஞ் சோதனைக்குள்ளானது 1921இன் ருஷ்யப் பஞ்சத்திலாகும். உலகப் போர், உள்நாட்டுப் போர், அந்நியப் படையெடுப்பு, விவசாயியிடமிருந்து தானியத்தைக் கட்டாயமாகக் கைப்பற்றிய போர்க்காலக் கொள்கை ஆகியவற்றால் நலிந்திருந்த வொல்காப் பிரதேசத்தை வறட்சி தாக்கியது. 1921 ஜூலையில் மாக்சிம் கோர்க்கி உலக மக்களிடம் உதவி கோரினார். மாண்டோர் தொகை ஐம்பது இலட்சம் அளவினது எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. துருவ ஆய்வாளர் நான்சன் சர்வதேச சங்கத்திடம் அரசுகளின் கடனுதவியை வேண்டி நின்றார், அரசுகள் மறுத்தன. எனவே பொறுப்பு மீண்டும் தொண்டர்களின் உண்டியலைச் சார்ந்தது. 1921 செப்டெம்பரில் நிதியத்தின் சார்பில் ‘டொர்செல்லோ’ என்னும் கப்பல் சுமார் 600 தொன் நிவாரணப் பொருளுடன் பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டது. சராத்தோவ் மாகாணத்தில் அமைந்த சமையற்கூடங்கள் மூலம் சுமார் மூன்று இலட்சம் குழந்தைகள் உணவு பெற்றனர்.

பிரித்தானியாவின் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை இதனைக் கடுமையாகத் தாக்கியது. பஞ்சச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது. வேலையற்ற பிரித்தானியன் பட்டினி கிடக்கப் பொல்ஷெவிக் நாட்டுக்குப் பணம் போகிறது என்பன அதன் வாதங்கள். நிதியம் இதற்குப் பஞ்சப் பிரதேசத்திற் பிடித்த சலனப்படத்தை 1922இல் நாடெங்கும் காட்டிப் பதிலளித்தது. குழந்தை எக்கட்சியையும் சாராது என்பதே அதன் மறுமொழி. அம்மறுமொழி அன்று வலிமையான கேடயமாயிற்று. வர்க்கப் பகைமை வெறியாக மூண்டிருந்த வேளையிற் பல இலட்சம் உயிர்களைக் காப்பதற்கு அதுவே வழி திறந்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் பட்டினியின் பருப்பொருளான உண்மையை அறியாதோரே.

எனினும் நிவாரணம் எப்போதும் நிரபராதியானதன்று. ருஷ்யாவில் மிகப்பெரிய பணியைச் செய்தது ஹேர்பேட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண நிர்வாகம். 1922 ஆகஸ்டில் அது நாளொன்றுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு உணவளித்தது. இதற்கென அமெரிக்கக் காங்கிரஸ் 1921 டிசம்பரில் 2 கோடி டொலர் ஒதுக்கியபோது, விலை வீழ்ச்சியுற்றிருந்த சோளத்தை அமெரிக்க விவசாயிகளிடமிருந்து கொள்வனவு செய்தலும் ஒரு நோக்கமாயிருந்தது. அதே ஹூவர்தாம் 1919இல் ஹங்கேரியின் சோவியத் ஆட்சிக்கு எதிராக உணவை நெருக்குதலுக்கான கருவியாகக் கொண்டவர். இவ்வமைப்பின் சமையற்கூடங்களிற் குழந்தை அங்கேயே அமர்ந்து உண்ணவேண்டும்; வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் ஆகாது என்ற விதி இருந்தது. பற்றாக்குறையான உணவு குழந்தைக்கே சேரவேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் உண்ட குழந்தை திரும்பிச் சென்றது பட்டினி கிடக்கும் தாயிடமே. அநாதையைக் காக்கும் நிவாரணம், பெற்றோரைக் காவாதவிடத்து அநாதைகளைப் பெருக்கிவிடும் என்ற முரண்பாடு அங்கே நிதர்சனமாயிற்று. பின்னர் வயதுவந்தோருக்கும் உணவு வழங்கத் தொடங்கியமை இவ்வனுபவத்தின் பாற்பட்டதே.

1921 செப்டெம்பரில் வில்லி முன்சன்பேர்க்கின் முயற்சியாற் பேர்லினிற் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் நிவாரண அமைப்பு வேறொரு பாதையைக் காட்டியது. கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்ற உறவுக்குப் பதிலாக ஒருமைப்பாடு என்ற கருத்தை அது முன்வைத்தது. தொழிலாளர் ஒருமணி நேரக் கூலியையும் பழைய உடைகளையும் கருவிகளையும் அளித்தனர். இவ்வமைப்பு பிரசார நோக்கத்திலிருந்து விடுபட்டிருந்ததென நாம் கூறுவதற்கில்லை. அன்றியும், 1932 - 33இற் சோவியத் அரசின் கொள்கைகளே உக்ரேனிலும் பிற பகுதிகளிலும் பெரும் பஞ்சத்தை விளைவித்தபோது, அவ்வரசு பஞ்சத்தையே மறுத்தது. வெளிநாட்டு நிவாரணத்துக்கு இடமளிக்கவில்லை. 1921இற் கோர்க்கியின் குரல் உலகெங்கும் ஒலித்தது. 1933இல் அத்தகைய குரல் எதுவும் அங்கிருந்து எழ இடமிருக்கவில்லை. பசியின் காரணத்தைப் பேசுவோம் எனின், அக்காரணம் நமக்கு உவப்பான தரப்பில் இருக்கும்போதும் பேசுதல் வேண்டும். அன்றேல் நமது விமர்சனமும் ஒருவகை முற்றுகையாகவே முடியும்.

5

ஒருமைப்பாடு வெறுஞ் சொல்லன்று என்பதற்கு 1926 சான்று. அவ்வாண்டு மே மாதம் முதல் நவம்பர் வரை பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைக்கு வெளியே பூட்டப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்பவனுக்குப் பொதுநிதியிலிருந்து உதவியளித்தல் சட்டவிரோதம், ஆயினும் அவனது மனைவி மக்களுக்கு அளிக்கலாம் என்பது 1900ஆம் ஆண்டின் மேர்தர் தீர்ப்பு முதலாக நிலவிய விதி. தந்தையிலிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அதே நோக்கு இங்கே சட்டமாக நின்றது என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நடைமுறையில் அவ்வுதவியும் வெட்டிக் குறைக்கப்பட்டது. அப்போது எலன் வில்கின்சன், மரியன் பிலிப்ஸ் முதலிய தொழிற் கட்சிப் பெண்கள் அமைத்த குழு மூன்று இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அளித்தது. சோவியத் தொழிற்சங்கங்களிடமிருந்து பத்து இலட்சம் பவுணுக்கு மேல் வந்து சேர்ந்தது. அங்கு வசூலிக்கப்பட்டதில் எவ்வளவு தன்விருப்பானது, எவ்வளவு மேலிடத்து ஆணையின் பாற்பட்டது என்ற வினா எழுப்பப்படக்கூடியதே. ஆயினும் ஐந்தாண்டுகளுக்கு முன்னர் பெறுவோராக இருந்த நாட்டினர் இப்போது கொடுப்போராயினர். தர்மத்தில் இத்திருப்பம் எதிர்பார்க்கப்படுவதில்லை. ஒருமைப்பாட்டில் அது இயல்பானது.

1937இல் இரு மரபுகளும் ஒரே களத்திற் சந்தித்தன. ஏப்ரல் 26இல் ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் கேர்னிக்கா நகரை அழித்தன. பில்பாவோ முற்றுகைக்குள்ளாயிற்று. தலையிடாமைக் கொள்கையின் பெயரால் ஸ்பானியக் குடியரசுக்கு ஆயுதம் மறுத்த பிரித்தானிய அரசு, பாஸ்க் குழந்தைகளை ஏற்க நீண்ட தயக்கத்தின் பின்பே இணங்கியது. அதுவும் அரச பணம் ஒரு சதமேனும் செலவாகக் கூடாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 10 ஷிலிங் தொண்டர் அமைப்புக்களே உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன். மே 23இல் ‘ஹபானா’ என்னும் கப்பல் ஏறத்தாழ 3,840 பிள்ளைகளையும் அவர்களோடு ஆசிரியைகளையும் உதவியாளரையும் குருமாரையும் சவுதாம்ப்டனில் இறக்கியது. அயலிலிருந்த வயல்வெளியிற் தொண்டர்கள் இரு வாரங்களுக்குள் கூடார நகரொன்றை எழுப்பியிருந்தனர். பின்னர் பிள்ளைகள் நாடெங்கும் சிறு குடியிருப்புக்களாகப் பிரித்தனுப்பப்பட்டனர். தென் வேல்சின் கேர்லியன் நகரிலிருந்த இல்லத்தைச் சுரங்கத் தொழிலாளர் ஆதரித்தனர்.

இப்பிள்ளைகள் விளம்பரப் படத்துக் குழந்தைகளைப் போன்று மௌனமாயிருக்கவில்லை. தம் தந்தையர் எதற்காகப் போரிடுகின்றனர் என்பதை அவர்களுட் பலர் அறிந்திருந்தனர். முட்டி உயர்த்தி வணக்கம் செலுத்தினர். ஜூன் 19இற் பில்பாவோ வீழ்ந்த செய்தி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது முகாமே அழுதது. அடங்காத பிள்ளைகள் எனச் சில பத்திரிகைகள் குறைகூறின. பாடியும் ஆடியும் தம் பராமரிப்புக்கான நிதியைத் தாமே திரட்டவும் அப்பிள்ளைகள் முன்வந்தனர். நிவாரணத்தின் செயப்படுபொருளாக இருந்த குழந்தை இங்கே எழுவாயாயிற்று.

6

இவ்வரலாற்றின் எல்லையையும் மனங்கொள்ளல் வேண்டும். ஐரோப்பியக் குழந்தையின் பசிக்குக் காரணம் தேடிய மனச்சாட்சி, குடியேற்ற நாடுகளின் குழந்தை விடயத்திற் தயங்கியது. 1931இல் ஜெனீவாவில் ஆபிரிக்கக் குழந்தைகள் பற்றி ஒன்றியம் மாநாடு கூட்டியது. அதிற் பங்குபற்றிய ஆபிரிக்கர் மிகச் சிலரே. தோட்டத்திலும் சுரங்கத்திலும் பெற்றோரின் உழைப்பு பறிக்கப்படுதல் பற்றிய வினா, மதப்பணியாளர்களும் நிர்வாகிகளும் நிறைந்திருந்த சபையில் மைய இடம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் முற்றுகையாலும் ஆக்கிரமிப்பாளரின் கொள்ளையாலும் கிரேக்கம் பட்டினியுற்றபோது, 1942 ஒக்டோபரில் ஒக்ஸ்பேட் நகரிற் கூடிய சிறு குழுவொன்று முற்றுகைக்கூடாக உணவனுப்ப அனுமதி கோரியது. இன்றைய ‘ஒக்ஸ்பாம்’ அதன் வளர்ச்சியே. ஆனால் அடுத்த ஆண்டு வங்காளத்திற் சுமார் முப்பது இலட்சம் மக்கள் மாண்டபோது, தானியம் கொண்டுசெல்லப் போதிய கப்பல்களை லண்டன் அரசு ஒதுக்கவில்லை. வங்காளத்தின் கஞ்சித் தொட்டிகளை நடத்தவும், அதற்கெனப் பாடியும் நடித்தும் இந்தியாவெங்கும் நிதி திரட்டவும் முன்னின்றோர் இந்தியத் தொண்டர்களும் கலைஞர்களுமே.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? பசித்த குழந்தைக்குச் சோறிடுவதா, பசியின் காரணத்தை ஒழிப்பதா என்ற எதிர்நிலை பொய்யானது. 1919இன் துண்டுப்பிரசுரம் இரண்டையும் ஒரே தாளிற் செய்தது. அதனாலேயே அரசு அஞ்சியது. பின்வந்த நிறுவனங்கள் தாளை இரண்டாகக் கிழித்தன. படம் தர்ம ஸ்தாபனங்களிடமும், வாசகம் அரசியற் கட்சிகளிடமும் போய்ச்சேர்ந்தன. படம் மட்டும் கையிலிருந்தோர் பசியை இயற்கையின் விதியாகக் காட்டினர். வாசகம் மட்டும் கையிலிருந்தோர் இன்று இறக்கும் குழந்தைக்கு நாளைய புரட்சியை வாக்களித்தனர்.

இன்றும் பல்கலைக்கழக வாயிலிலும் சந்தியிலும் உண்டியலோடு நிற்கும் இளைஞரை எள்ளி நகையாடுதல் முற்போக்கன்று. அவர் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கோ ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவு. ஆனால் அந்த உண்டியலிற் காசிடுபவரிடம், அப்பிள்ளை ஏன் பசித்திருக்கிறது, எந்தத் துறைமுகம் எவராற் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும் கடப்பாடும் அவருக்குண்டு. அதனைச் சொல்லும்போது நன்கொடை குறையலாம். 5 பவுணுக்கு மேற்பட்ட அபராதமும் விதிக்கப்படலாம். எனினும் திரபல்கார் சதுக்கத்தில் நின்ற அப்பெண்கள் கொடுத்துச் சென்ற தாளின் முழுமையான பொருள் அதுவேயாகும்.